பர்சனல் லோன் கிடைக்க: விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

பணத் தேவை வந்த அன்றே ஐந்து ஆப்களில் விண்ணப்பம் போடுகிறார்கள். ஐந்திலும் மறுப்பு வருகிறது. அதற்குப் பிறகுதான் சிபில் ரிப்போர்ட்டை, அதாவது வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினோம் என்ற பதிவைத் திறந்து பார்க்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் கடனுக்கு அலைந்த பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன், இரண்டு இடத்தில் மறுத்தார்கள்.

செய்ய வேண்டிய வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. விண்ணப்பம் கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். அதற்கு முன் பெயர், ரிப்போர்ட், பாக்கி, பேங்க் ஸ்டேட்மென்ட், கணக்கு என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வர வேண்டும். எல்லாம் சுத்தமாக இருந்தால் இரண்டு வாரம் போதும். ரிப்போர்ட்டில் பிழையோ பழைய பாக்கியோ இருந்தால் இரண்டு மூன்று மாதம் ஒதுக்கி வையுங்கள்.

மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு மாறும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

1. பர்சனல் லோன்தான் வேண்டுமா என்று பாருங்கள்

பர்சனல் லோனுக்கு அடமானம் எதுவும் இல்லை. அதனால்தான் வட்டி கூடுதல், அதனால்தான் சோதனையும் கூடுதல். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி இந்த வகைக் கடன்களுக்கான ரிஸ்க் வெயிட்டை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக உயர்த்தியது. அதாவது இப்படி ஒரு கடன் கொடுத்தால் வங்கி முன்பைவிடக் கூடுதல் மூலதனத்தை ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகு வங்கிகள் ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கின்றன.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் பெரும்பாலும் குறைந்த வட்டிக்கு, அன்றைக்கே கிடைக்கும். ஃபிக்சட் டெபாசிட் இருந்தால் அதை உடைக்காமல் அதன்மேல் கடன் வாங்கலாம். அலுவலகத்தில் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். நாளைக்கே ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் இந்த வழிகளைப் பார்ப்பதே நல்லது. கீழே உள்ள படிகளுக்கு நாள் பிடிக்கும்.

எந்த வழியும் இல்லை, பர்சனல் லோன்தான் என்றால் எவ்வளவு, எதற்கு, எப்போது வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். “ஒரு மூன்று நாலு லட்சம்” என்று போகாதீர்கள். தொகை திட்டமாக இல்லாவிட்டால் 7-ஆம் படியில் போடும் கணக்கு எதற்கும் உதவாது.

2. பெயரையும் இனிஷியலையும் சரிபாருங்கள்

ரிப்போர்ட்டை எடுக்கும் முன்பே இதை முடிக்க வேண்டும். பெயர் குழப்பமாக இருந்தால் வருகிற ரிப்போர்ட்டே அரைகுறையாக இருக்கும்.

நம் ஊரில் இது பெரிய தொல்லை. ஆதாரில் “மு. கார்த்திக்” என்று இருக்கும். பான் கார்டுக்கு இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அதில் “கார்த்திக் முருகேசன்” ஆகியிருக்கும். சம்பளச் சீட்டில் “கார்த்திக் எம்”. பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் விண்ணப்பத்தை ஓரமாக எடுத்து வைத்துவிடும்.

திருமணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறிய பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். பழைய பெயரில் எடுத்த கார்டு ஒரு பக்கம், புதிய பெயரில் வாங்கிய கடன் ஒரு பக்கம் என்று வரலாறு பிரிந்து கிடக்கும்.

பான், ஆதார், சம்பளக் கணக்கு, சம்பளச் சீட்டு நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. கடன் பதிவுகள் பான் எண்ணை ஒட்டித்தான் சேர்கின்றன. அதனால் பானில் உள்ள பெயர் சரி என்றால் அதை வைத்துக்கொண்டு, பேங்க் கணக்கையும் சம்பளச் சீட்டையும் அதற்கு ஒத்து மாற்றுவதே எளிது. ஹெச்.ஆரிடம் ஒரு மெயில், பேங்கில் ஒரு கேஒய்சி (அடையாள விவர) படிவம்.

பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இணைக்காத பான் கார்டுகள், விலக்கு உள்ளவர்களைத் தவிர, 2023 ஜூலை 1 முதல் செயலற்றுப் போயின. செயலற்ற பானோடு போனால் முதல் திரையைத் தாண்ட முடியாது.

இன்னொன்று முகவரி. ஆதாரில் ஊர் முகவரி, குடியிருப்பது சென்னையில் வாடகை வீட்டில் என்பது தப்பே இல்லை. ஆனால் தற்போதைய முகவரிக்கு ஒரு சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது என்று ஏதாவது ஒன்றைத் தயாராக வையுங்கள். சரிபார்க்க வங்கியிலிருந்து வீடு தேடி ஆள் வரும்போது இது தேவைப்படும்.

3. நான்கு ரிப்போர்ட்டையும் எடுத்துப் படியுங்கள்

“சிபில்” என்று பொதுவாகச் சொன்னாலும் இந்தியாவில் இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் கிரெடிட் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவரவர் இணையதளத்திலேயே எடுக்கலாம். பணம் கட்டச் சொல்லும் பக்கத்துக்கு வந்துவிட்டால் திரும்பிப் போய் இலவச ரிப்போர்ட் என்ற இணைப்பைத் தேடுங்கள்.

நான்கும் எதற்கு என்றால், நீங்கள் போகும் வங்கி எதைப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்றில் இருக்கும் பிழை இன்னொன்றில் இருக்காது. மகளிர் குழுக் கடன், மைக்ரோஃபைனான்ஸ் கடன் வாங்கியவர்கள் ஹைமார்க் ரிப்போர்ட்டைக் கட்டாயம் பாருங்கள்.

நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்தால் ஸ்கோர் (கடன் கட்டிய ஒழுங்குக்கு ரிப்போர்ட்டில் தரும் மதிப்பெண்) குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது. கடனுக்கு விண்ணப்பித்து, கடன் கொடுப்பவர் எடுத்தால் மட்டுமே அது விசாரணையாகப் பதிவாகும்.

ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். 750-க்கு மேல் இருந்தால் பேச்சு எளிதாக இருக்கும் என்பது நடைமுறை. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் கணக்குகளின் பட்டியல். ஒவ்வொரு கணக்கும் உங்களுடையதுதானா? முன்பு தவணையில் வாங்கிய போன், வண்டிக் கடன், நகைக்கடன், “இப்போது வாங்கு, பிறகு கொடு” என்று ஆப்பில் எடுத்த சிறு தொகை எல்லாம் இங்கே தனித்தனிக் கடனாக நிற்கும். அண்ணனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அதுவும், தங்கையின் கல்விக் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் உங்கள் பெயரில் வரும். அவர்கள் கட்டத் தவறினால் கறை உங்கள் ரிப்போர்ட்டில் விழும்.

அடுத்து ஒவ்வொரு கணக்கின் மாதக் கட்டங்கள். 000 என்றால் அந்த மாதம் ஒழுங்கு. 030, 064 மாதிரி எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். சிபில் ரிப்போர்ட்டில் 36 மாதம் வரை இப்படித் தெரியும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஒரு தாமதத்தைப் பல வங்கிகள் பெரிதாக எடுப்பதில்லை. கடந்த ஆறு மாதத்தில் ஒன்று இருந்தால் கட்டாயம் கேள்வி வரும்.

நகைக்கடன் வைத்திருப்பவர்கள் இங்கே நன்றாகப் பாருங்கள். ஓராண்டுத் தவணை முடியும் தேதியில் வட்டி கட்டி மாற்றி வைக்க மறந்துவிடுவார்கள். “நகைதான் அவர்களிடம் இருக்கிறதே” என்ற நினைப்பு. நகை பத்திரமாக இருக்கும், ரிப்போர்ட்டில் தாமத நாள் ஏறிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாகக் கணக்கின் நிலை. “குளோஸ்டு” என்றால் நல்லது. “செட்டில்டு” (முழுதாகக் கட்டாமல் முடித்தது), “ரிட்டன் ஆஃப்” (வசூலாகாது என்று வங்கி கணக்கிலிருந்து நீக்கியது) என்று இருந்தால் அங்கே நின்று அடுத்த இரண்டு படிகளையும் முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கடைசியாக விசாரணைப் பட்டியல். எந்தத் தேதியில் எந்த நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தது என்று இருக்கும். நீங்கள் போகாத நிறுவனத்தின் பெயர் இருந்தால் உங்கள் பான் எண்ணை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கலாம். உடனே புகார் கொடுங்கள்.

என் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. எப்போதோ வாங்கி, ஒரு முறைகூடத் தேய்க்காத ஒரு கிரெடிட் கார்டு. ஆண்டுக் கட்டணம் 500, வரியோடு 590 ரூபாய். வீடு மாறியதில் பில் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அபராதம் ஏறி நான்காயிரத்தைத் தாண்டி, மாதக் கட்டம் முழுக்கத் தாமதமாக நின்றது. ரிப்போர்ட்டை முதலில் எடுத்திருந்தால் ஒரு மாதத்தில் தீர்த்திருக்கக் கூடிய விஷயம். இரண்டு மறுப்புகளுக்குப் பிறகு எடுத்ததால் அந்த இரண்டு விசாரணைகளும் சேர்ந்து சுமையாயின.

4. பிழை இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்

உங்களுடையது அல்லாத கடன், அடைத்து முடித்தும் திறந்தே இருக்கும் கணக்கு, தவறான பிறந்த தேதி இவற்றையெல்லாம் திருத்தலாம். அந்தந்த கிரெடிட் நிறுவனத்தின் இணையதளத்தில் புகார்ப் படிவம் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

புதியவர்கள் இங்கே இரண்டு விதத்தில் சறுக்குகிறார்கள். கிரெடிட் நிறுவனத்திடம் மட்டும் புகார் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது ஒன்று. அந்த நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்த வங்கி ஒப்புக்கொண்டு புதிய தகவல் அனுப்பினால்தான் மாற்றும். அதனால் வங்கிக்கும் அதே நாளில் மெயில் அனுப்புங்கள். கடன் முடிந்ததற்கான “நோ டியூ” கடிதத்தை இணையுங்கள். அந்தக் கடிதத்தை வாங்காமலே விட்டவர்கள்தான் அதிகம். இப்போதாவது கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, போனில் பேசிவிட்டு வந்துவிடுவது. புகார் எண்ணும் தேதியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் தேதி இல்லாவிட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

“ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்” என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். உண்மையான பிழையை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். உண்மையான தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது.

5. பாக்கிகளை இந்த வரிசையில் அடையுங்கள்

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, பாக்கி நாலைந்து இடத்தில் இருக்கிறது என்றால் எதை முதலில் அடைப்பது? பெரிய கடனில் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களைத்தான் பார்க்கிறேன். முதலில் அடைக்க வேண்டியது தேதி தாண்டி நிற்கும் பாக்கியை, அது 600 ரூபாயாக இருந்தாலும். தாமதம் என்ற பதிவுக்குத் தொகை சின்னதா பெரியதா என்ற பேதம் அவ்வளவாக இல்லை.

அடுத்தது கிரெடிட் கார்டு. 1 லட்சம் வரம்பு உள்ள கார்டில் 80,000 பாக்கி நின்றால், ஒழுங்காகக் கட்டினாலும் பணத்துக்கு நெருக்கடியில் இருப்பவர் என்றுதான் படும். வரம்பில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பில் தயாராகும் தேதியில் என்ன பாக்கியோ அதுதான் பெரும்பாலும் ரிப்போர்ட்டுக்குப் போகும். ஆகவே கடைசித் தேதி வரை காத்திருக்காமல் பில் தயாராகும் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள்.

“மினிமம் டியூ” மட்டும் கட்டினால் தாமதப் பதிவு விழாது என்பது உண்மை. ஆனால் பாக்கி குறையாது, வட்டி மேலே ஏறும்.

மூன்றாவதாக, இரண்டு மூன்று தவணையில் முடியப்போகும் சிறு கடன்கள். அவற்றை முடித்தால் மாதத் தவணைச் சுமை குறைந்து, 7-ஆம் படிக் கணக்கில் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

பழைய கடனுக்கு “பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்” என்று போன் வந்தால் யோசியுங்கள். அப்படி முடித்தால் ரிப்போர்ட்டில் “செட்டில்டு” என்று விழும். முழுதாகக் கட்டவில்லை என்பதற்கான முத்திரை அது, பல ஆண்டுகள் நிற்கும். ஏற்கெனவே செட்டில் செய்தவர்கள் மீதித் தொகையைக் கட்டி “குளோஸ்டு” என்று மாற்றித் தருமாறு வங்கியிடம் எழுதிக் கேட்கலாம். கட்டும் முன்பே அந்த உறுதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பழைய கார்டை இந்தச் சமயத்தில் மூடாதீர்கள். உங்கள் வரலாற்றின் நீளம் அதில்தான் இருக்கிறது. மூடினால் மொத்த வரம்பும் குறைந்து பாக்கிச் சதவீதம் கூடிவிடும்.

அடைத்த மறுநாளே விண்ணப்பிக்க வேண்டாம். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை கிரெடிட் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு மாதம் விட்டு ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து, மாறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

கடனே வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ரிப்போர்ட் வெறுமையாக இருக்கும், ஸ்கோர் இருக்காது. முதல் முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியிருக்கிறது. இருந்தாலும் நடைமுறையில் தயங்குகிறார்கள். அவசரம் இல்லை என்றால் 20,000 ரூபாய்க்கு ஒரு ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதன்மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, மாதம் இரண்டாயிரத்துக்கு மளிகை வாங்கி முழுதாகக் கட்டி வாருங்கள். ஆறு மாதத்தில் வரலாறு உருவாகத் தொடங்கிவிடும்.

6. ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை வங்கிக்காரர் கண்ணால் பாருங்கள்

ஸ்கோர் 780 இருந்தும் மறுக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஸ்டேட்மென்ட்டில்தான் இருந்தது.

சம்பளம் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய ஒரே தேதியில், நிறுவனத்தின் பெயரோடு வர வேண்டும். பாதி வங்கியில், பாதி கையில் என்று வாங்கினால் கையில் வாங்கும் பாதி கணக்கில் சேராது. முதலாளியிடம் பேசி முழுதும் வங்கி வழியே வர ஏற்பாடு செய்துகொண்டு, மூன்று மாதமாவது கழித்து விண்ணப்பியுங்கள்.

அடுத்து “ரிட்டர்ன்” என்ற சொல்லைத் தேடுங்கள். தவணை எடுக்க வந்த நாளில் பணம் இல்லாமல் திரும்பியிருந்தால் அதற்கான அபராதம் ஸ்டேட்மென்ட்டில் தெரியும். மறுநாளே கட்டியிருந்தாலும் தெரியும். சம்பளம் 7-ஆம் தேதி, தவணை 5-ஆம் தேதி என்று இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். தவணைத் தேதியை மாற்றித் தர வங்கியிடம் கேளுங்கள். முடியாது என்றால் ஒரு தவணைத் தொகையை எப்போதும் கணக்கில் விட்டு வையுங்கள்.

சம்பளம் வந்த அன்றே மொத்தத்தையும் ஏடிஎம்மில் எடுத்து வீட்டில் கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது ஒழுக்கமான குடும்பப் பழக்கம்தான். ஆனால் 3-ஆம் தேதியிலிருந்து கணக்கில் 200 ரூபாய்தான் என்றால் இவரால் தவணை கட்ட முடியுமா என்ற சந்தேகம் வருவது இயல்பு. வீட்டுச் செலவு முழுவதையும் ஒரே நாளில் எடுக்காமல் பிரித்து எடுங்கள்.

கடன் ஆப்களிலிருந்து ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று வந்து போகும் வரிகள், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்குப் போன தொகை, திடீரென்று வந்து விழும் பெரிய ரொக்கம் எல்லாம் கண்ணில் குத்தும். மாதச் சீட்டு கட்டுவது ரிப்போர்ட்டில் வராது, ஸ்டேட்மென்ட்டில் தெரியும். கேட்டால் சீட்டு என்று சொல்லுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

நெட் பேங்கிங்கில் இறக்கிய பிடிஎஃப்பை அப்படியே கொடுங்கள். ஸ்கேன் செய்தது, பக்கங்களைப் பிரித்துச் சேர்த்தது இவற்றை மென்பொருள் சந்தேகத்தோடு பார்க்கும். ஒரு எண்ணைத் திருத்தினாலும் கண்டுபிடித்துவிடும். அது மோசடி, அந்த வங்கிப் பக்கமே பிறகு போக முடியாது.

புதிய வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை என்றால் பொறுத்திருங்கள். ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் விண்ணப்பிக்காதீர்கள். வங்கியிலிருந்து ஹெச்.ஆருக்கு மெயில் போகும், தெரிந்துவிடும்.

தொழில் செய்பவர்களுக்குச் சம்பளத்தின் இடத்தில் வருமான வரிக் கணக்கு நிற்கும். இரண்டு ஆண்டுக் கணக்கையாவது கேட்பார்கள். வரி குறைய வேண்டும் என்று வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் கடனும் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். கடன் தேவை அடுத்த ஆண்டு என்று தெரிந்தால் இந்த ஆண்டே உண்மையான வருமானத்தைக் காட்டுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளும் தேதிக்குள் போயிருக்க வேண்டும்.

7. எவ்வளவு கேட்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

வங்கி போடும் கணக்கு ரகசியமில்லை. கைக்கு வரும் சம்பளத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை எல்லாத் தவணைகளுக்கும் போகலாம் என்று வைத்துக்கொள்வார்கள். நடுவில் 45 என்று எடுத்துக் கணக்கிடுவோம்.

கைக்கு வருவது 38,000. அதில் 45 சதவீதம் 17,100. ஏற்கெனவே வண்டித் தவணை 3,800 போகிறது. கார்டில் 40,000 பாக்கி. பல வங்கிகள் அதில் 5 சதவீதத்தை மாதச் சுமையாக எடுக்கும், அது 2,000. மீதி 11,300. புதிய தவணை இதற்குள் அடங்க வேண்டும்.

12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு, லட்சத்துக்குத் தவணை சுமார் 3,321 ரூபாய். அப்படியானால் இவருக்கு 3.4 லட்சம் வரை இடம் இருக்கிறது. ஐந்து ஆண்டு என்றால் லட்சத்துக்கு 2,224. 5 லட்சம் வரை போகும்.

இவர் மூன்று ஆண்டுக்கு 5 லட்சம் கேட்டால் மறுப்புதான். அதே ஆள் வண்டிக் கடனை முடித்துவிட்டு வந்தால் மூன்று ஆண்டுக்கே 4.5 லட்சம் கேட்கலாம். 5-ஆம் படி இதற்கு முன்னால் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆண்டை நீட்டினால் அனுமதி எளிது, வட்டி அதிகம். 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டில் வட்டி ஏறத்தாழ 58,700; ஐந்து ஆண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டும். கணக்கில் வரும் உச்ச அளவைக் கேட்காமல் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். ஓரத்தில் நிற்கும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடச் சின்னக் காரணம் போதும்.

8. ஒரே இடத்தில் விண்ணப்பியுங்கள்

முதலில் சம்பளம் வரும் வங்கி. உங்கள் வரவு செலவு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாக நிரூபிக்க வேண்டியது குறைவு. அந்த வங்கியின் ஆப்பில் முன் அனுமதி பெற்ற கடன் ஏதாவது காட்டுகிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கிளைக்கு நேரில் போங்கள். விண்ணப்பம் போடும் முன், “என் சம்பளம் இவ்வளவு, இன்ன நிறுவனம், இவ்வளவு வேண்டும், உங்கள் விதிக்குள் வருமா?” என்று வாயால் கேளுங்கள். வாயால் கேட்பது ரிப்போர்ட்டில் பதிவாகாது.

பல வங்கிகளின் வட்டியை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் கவனமாக இருங்கள். வட்டியைப் பார்க்கத்தானே என்று பான் எண்ணைக் கொடுத்து, கீழே உள்ள ஒப்புதல் கட்டத்தையும் தட்டிவிடுவார்கள். அது நாலைந்து இடத்துக்கு விண்ணப்பமாகவே போய்விடலாம். எதற்கு ஒப்புதல் கேட்கிறது என்று படித்துவிட்டுத் தட்டுங்கள்.

பெயர் தெரியாத ஆப்பில் எடுக்கத் தோன்றினால், பின்னால் இருக்கும் வங்கியோ நிதி நிறுவனமோ எது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியல் இருக்கிறது. கடன் தரும் முன்பே “ப்ராசசிங் கட்டணம்” என்று யுபிஐயில் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. முறையான இடத்தில் பொதுவாக அதைக் கடன் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு இருக்கும் கடன்களை எல்லாம் படிவத்தில் எழுதுங்கள். ரிப்போர்ட்டில் இருப்பதை நீங்கள் விட்டுவிட்டால், மறந்தார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

9. விண்ணப்பம் போட்ட பின்

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை இந்த ஒரு வாரம் எடுங்கள். சரிபார்ப்பு அழைப்பை இரண்டு மூன்று முறை தவறவிட்டதால் மட்டுமே நின்றுபோன விண்ணப்பங்கள் உண்டு. ஓடிபி மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸாகப் பெயர் கொடுத்த இரண்டு நண்பர்களிடமும், வீட்டில் இருப்பவர்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள். “அவர் இங்கே இல்லையே” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டால் முகவரி பொருந்தவில்லை என்று எழுதிப் போய்விடுவார்கள்.

அனுமதி வந்ததும் கையெழுத்துக்கு முன் “கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்” என்ற தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் இதைத் தருவது கட்டாயம். வட்டி, ப்ராசசிங் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். குறைந்தது 3 வேலை நாளாவது அந்த நிபந்தனைகள் செல்லும் என்பதால் “இன்றைக்கே கையெழுத்துப் போடாவிட்டால் போய்விடும்” என்று யாரும் அவசரப்படுத்த முடியாது.

“ஃபிளாட் 10 சதவீதம்” (வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி) என்று சொன்னால் ஏமாறாதீர்கள். மூன்று ஆண்டுக் கடனில் அது குறையும் இருப்புக் கணக்கில் (மீதி அசலுக்கு மட்டும் வட்டி) ஏறத்தாழ 18 சதவீதம். காப்பீட்டைக் கேட்காமலே சேர்த்திருக்கிறார்களா, இடையில் முழுதாக அடைத்தால் எவ்வளவு கட்டணம் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

10. மறுத்துவிட்டால்

அடுத்த வங்கிக்கு அன்றே ஓடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது. எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சம்பளத்தில் இடம் போதவில்லை என்றால் தொகையைக் குறைத்து அங்கேயே கேட்கலாம். சில இடங்களில் கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்போது இருவர் ரிப்போர்ட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். அவர்களின் உள் விதிக்குள் உங்கள் நிறுவனமோ வேலைக் காலமோ வரவில்லை என்றால் உங்களிடம் குறை எதுவும் இல்லை, வேறொரு வங்கியைப் பாருங்கள். ரிப்போர்ட்தான் காரணம் என்றால் 3-ஆம் படிக்குத் திரும்பி, மூன்று முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் தேதியில் கட்டிவிட்டு வாருங்கள்.

ரிப்போர்ட் பிழை பற்றிக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் (புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். வங்கிகளோடு கிரெடிட் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். வழிமுறை தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். 4-ஆம் படியில் வாங்கி வைத்த புகார் எண்ணையும் தேதியையும் அங்கே முதலில் கேட்பார்கள்.